‘மக்கு’ இல்லை, எழுத்தோடுதான் மல்லுக்கட்டு: கற்றல் குறைபாடுள்ள குழந்தைக்குப் பள்ளி என்னவெல்லாம் செய்ய வேண்டும்?

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை செல்லும் பக்கம் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது அமராவதிபுதூர். அங்கே மூன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கதை சொன்னால் வரி விடாமல் திருப்பிச் சொல்வான். கடைக்கு அனுப்பினால் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கி வருவான். ஊரில் ஓடும் பஸ்ஸின் நேரமெல்லாம் மனப்பாடம். ஆனால், தமிழ்ப் புத்தகத்தை விரித்து வைத்தால் மட்டும் முகம் சுருங்கிவிடும். முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பான். ஒரே பத்தியில் ‘மரம்’ என்ற சொல்லை ஒரு வரியில் சரியாகப் படித்து, அடுத்த வரியில் தடுமாறுவான்.

வீட்டில் என்ன சொல்வார்கள்? “வாய் மட்டும் காது வரைக்கும் இருக்கு, படிப்புல கவனமே இல்ல” என்பார் அப்பத்தா. “டியூஷன் போட்டா சரியாயிடும்” என்பார் அப்பா. “நாலு தரம் எழுதச் சொல்லுங்க, வந்துரும்” என்பார் பக்கத்து வீட்டுக்காரர். பையனோ, தனக்கு மூளையே இல்லை என்று மெல்ல மெல்ல நம்பத் தொடங்கியிருப்பான்.

இந்தப் பையன் கற்பனைதான். ஆனால், இவனைப் போன்ற குழந்தை இல்லாத வகுப்பறை தமிழ்நாட்டில் அரிது. இவனுடைய சிக்கலுக்குப் பெயர் இருக்கிறது, சட்டத்தில் இடம் இருக்கிறது, பள்ளிக்குக் கடமையும் இருக்கிறது. இதெல்லாம் அந்த வீட்டு வாசலுக்கு எப்போது வந்து சேர்கிறது என்பதில்தான் அவனுடைய பத்தாம் வகுப்பு முதல் வேலை வரை அடங்கியிருக்கிறது.

கற்றல் குறைபாடு என்றால் என்ன?

பார்வையில் குறை இல்லை. காது நன்றாகக் கேட்கிறது. அறிவுத்திறனும் வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது. பள்ளிக்கும் ஒழுங்காகப் போகிறது. அப்படியும் வாசிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது ஆகியவற்றில் ஒன்றிலோ, பலவற்றிலோ ஒரு குழந்தை விடாமல் திணறினால், அதைக் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்கிறார்கள். வாசிப்பில் வந்தால் டிஸ்லெக்சியா, எழுத்தில் வந்தால் டிஸ்கிராஃபியா, கணக்கில் வந்தால் டிஸ்கால்குலியா.

இது மொபைல் யுகத்தில் முளைத்த நோய் அல்ல. நோயே அல்ல. 1896-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். மற்ற எல்லாவற்றிலும் சூட்டிகையான அவனால் எழுத்தை மட்டும் வாசிக்க முடியவில்லை. அன்றைக்கு அதற்கு ‘பிறவிச் சொல் குருடு’ என்று பெயர் வைத்தார்கள். ‘கற்றல் குறைபாடு’ என்ற சொல் 1963-ல் அமெரிக்கக் கல்வியாளர் சாமுவேல் கிர்க் மூலம் பரவலானது. நம் ஊரில் 2007 டிசம்பரில் வெளியான ‘தாரே ஜமீன் பர்’ படத்துக்குப் பிறகுதான் டிஸ்லெக்சியா என்ற சொல் வீட்டுப் பேச்சுக்குள் நுழைந்தது.

எத்தனை பேருக்கு இருக்கிறது? பள்ளி வயதுக் குழந்தைகளில் 5 முதல் 15 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்கிறது, உலகம் முழுக்க மனநல நிபுணர்கள் பயன்படுத்தும் ‘டி.எஸ்.எம்-5’ கையேடு. குறைந்தபட்சக் கணக்கை வைத்துப் பார்த்தாலும், 40 பேர் இருக்கும் வகுப்பில் இரண்டு பேர்.

மூளை எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் விதத்தில் உள்ள வேறுபாடு இது. பெரும்பாலும் குடும்பத்தில் தொடர்ந்து வரும். “எங்க மாமாவும் இப்படித்தான், பத்தாவதோட நின்னுட்டார்” என்று வீட்டில் யாராவது சொன்னால் அதை ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம். மாத்திரையால் இது மறையாது. சரியான பயிற்சியால் வாசிப்பு முன்னேறும், நம்பிக்கையும் கூடும்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. மெதுவாகப் படிக்கும் எல்லாக் குழந்தைக்கும் கற்றல் குறைபாடு என்று முத்திரை குத்திவிடக் கூடாது. கண் பார்வை, காது கேட்கும் திறன், ரத்தசோகை, அடிக்கடி லீவு, வீட்டுச் சூழல், தாய்மொழி வேறு பள்ளி மொழி வேறு என்று காரணங்கள் பல. கண்ணாடி போட்டதும் படிக்கத் தொடங்கிய குழந்தைகளும் உண்டு.

தமிழில் எங்கே சிக்குகிறது?

டிஸ்லெக்சியா என்றாலே ஆங்கிலத்தில் ‘பி’யையும் ‘டி’யையும் மாற்றி எழுதுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தமிழில் அது வேறு முகத்தோடு வருகிறது.

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று மொத்தம் 247 எழுத்துகள். ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. ஆனால், அதன் ஒலி ‘க்’குக்குப் பின்னால்தான் வருகிறது. ‘கொ’ என்றால் கொம்பு ஒரு பக்கம், கால் மறுபக்கம், நடுவில் எழுத்து. கண் பார்க்கும் வரிசை ஒன்று, காது கேட்கும் வரிசை இன்னொன்று. பழகிய நமக்கு இது தெரிவதே இல்லை. ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் சிரமப்படும் குழந்தைக்கு ஒவ்வொரு கொம்பும் ஒரு தடைக்கல்.

அடுத்தது ஒலி. ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றிலும் ஒரே ‘க’தான். ஒலிப்பதோ மூன்று விதம். ‘ல, ள, ழ’, ‘ர, ற’, ‘ந, ன, ண’ குழப்பம் எல்லாக் குழந்தைக்கும் வரும். மற்றவர்கள் ஓரிரு ஆண்டில் தாண்டிவிடுவார்கள். இவர்களுக்கு அது ஆறாம் வகுப்பு வரைகூட நீளும்.

மூன்றாவது, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். வீட்டில் “படிச்சிட்டிருந்தாங்களா?” என்று கேட்கும் குழந்தை, புத்தகத்தில் ‘படித்துக்கொண்டிருந்தார்களா’ என்ற 14 எழுத்துச் சொல்லைப் பார்க்கிறது. ஊகித்து வாசிக்கும் பிள்ளைக்கு இங்கே ஊகமும் கைகொடுக்காது.

ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால், எழுதியதை அப்படியே வாசிக்கும் தன்மை தமிழில் அதிகம். இது நல்லதுதான். ஆனால், அதிலேயே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. எழுத்துக்கும் ஒலிக்கும் நேரான தொடர்புள்ள இத்தாலியம் போன்ற மொழிகளில், டிஸ்லெக்சியா உள்ளவர்கள் பெரும்பாலும் சரியாகவே வாசிக்கிறார்கள். ஆனால், மிக மெதுவாக வாசிக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. எழுத்துக்கூட்டித் தட்டுத்தடுமாறி முடித்துவிடும் தமிழ்ப் பிள்ளையையும் “படிச்சிடுறான், கொஞ்சம் ஸ்லோ” என்று விட்டுவிட வாய்ப்பு உண்டு. வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்திருக்கும். பொருள் மனதில் நிற்காது.

எந்த வயதில் எதைக் கவனிக்கலாம்?

4 முதல் 6 வயது: ‘பாட்டு–கூட்டு’ போன்ற ஓசை ஒற்றுமையைப் பிடிக்க முடியாதது, கிழமைகளை வரிசையாகச் சொல்லத் திணறுவது, தெரிந்த பொருளின் பெயர்கூடச் சட்டென்று வாயில் வராதது.

6 முதல் 8 வயது: எழுத்துகளைத் தனித்தனியாகச் சொன்னாலும் சேர்த்து வாசிக்க முடியாதது, கொம்பு, கால், புள்ளி விட்டுப்போவது, கரும்பலகையிலிருந்து எழுதிக்கொள்ள மிக நேரமாவது.

8 வயதுக்கு மேல்: வாயால் சரியாகச் சொல்லும் பதிலைத் தாளில் இரண்டு வரிகூட எழுத முடியாதது, வாய்ப்பாடு நிற்காதது, ‘37’ஐ ‘73’ என எழுதுவது, வாசிக்கச் சொன்னால் வயிற்றுவலி, தலைவலி என்று ஒதுங்குவது.

இவற்றில் ஒன்றிரண்டு எல்லாக் குழந்தைகளிடமும் இருக்கும். பல அறிகுறிகள் சேர்ந்து, பயிற்சி கொடுத்தும் பல மாதங்கள் மாறாமல் இருந்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

பள்ளியின் கடமை: சட்டம் என்ன சொல்கிறது?

1995-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள் மட்டுமே இருந்தன. கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த ‘மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம்’ அந்தப் பட்டியலை 21 ஆக்கியது. அதில் கற்றல் குறைபாடு பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டது.

இந்தச் சட்டத்தின் 16-வது பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து, அதற்கேற்ற கற்பித்தல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. தனியார் பள்ளியும் இதில் அடக்கம். குறைபாட்டைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. 17-வது பிரிவு, பாடத்திட்டத்திலும் தேர்விலும் தளர்வு தரச் சொல்கிறது: கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம், மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையும் உண்டு.

அடித்துத் திருத்தலாம் என்று நினைக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, உடல் தண்டனையை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. “எந்திரிச்சு நில்லு, இவனைப் பாருங்கடா” என்பதும் அதில் வரும்.

இன்னொரு தகவல்: கவனக்குறைவு, மிகை இயக்கம் எனப்படும் ஏ.டி.ஹெச்.டி., 21 வகைப் பட்டியலில் தனியாக இடம்பெறவில்லை. கற்றல் குறைபாட்டோடு அது அடிக்கடி சேர்ந்தே வரும் என்பதால், சோதனையின்போது இரண்டையும் பார்க்கச் சொல்வது நல்லது.

யார் சோதிப்பார்கள், சான்று எப்படிக் கிடைக்கும்?

மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, முதல்கட்டப் பரிசோதனை நடக்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரி அல்ல, பள்ளி. மூன்றாம் வகுப்பு அல்லது 8 வயது, இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது வகுப்பாசிரியரே பரிசோதிக்க வேண்டும். தலைமை ஆசிரியர் தலைமையில் ஒவ்வொரு பள்ளியிலும் இதற்கென ஒரு குழு இருக்க வேண்டும். சிக்கல் தெரிந்தால், ஆசிரியர் முதலில் பெற்றோருடன் பேச வேண்டும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இதற்கு ‘நலம் நாடி’ என்ற செயலி இருக்கிறது. குழந்தையிடம் தெரியும் அறிகுறிகளை ஆசிரியர் அதில் பதிவார். அதன்பிறகு வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநர் குழந்தையைப் பார்ப்பார். ‘ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி’த் திட்டத்தின் உள்ளடக்கிய கல்விப் பிரிவில் வரும் ஏற்பாடு இது. வட்டார அளவில் மருத்துவ மதிப்பீட்டு முகாம்களும் நடக்கின்றன. தனியார் பள்ளிக் குழந்தையின் பெற்றோரும் முகாம் தேதியை வட்டார வள மையத்தில் விசாரிக்கலாம்.

சான்று தருவது மருத்துவக் குழு. குழந்தை மருத்துவர் கண், காது, நரம்பு சார்ந்த காரணங்கள் இல்லை என்று உறுதி செய்வார். உளவியலாளர் அறிவுத்திறன் சோதனையும், பெங்களூரு நிம்ஹான்ஸ் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனையும் நடத்துவார். 2018 வழிகாட்டுதல்படி 8 வயது நிறைந்த பிறகுதான் சான்று. 14 வயதில் ஒருமுறை, 18 வயதில் ஒருமுறை மறுமதிப்பீடு. 18 வயதில் கிடைப்பது ஆயுளுக்கும் செல்லும். இதை வைத்து ‘யு.டி.ஐ.டி.’ எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம்.

அமராவதிபுதூர்ப் பையனின் வீட்டுக்கு இதன் பொருள் என்ன? மாவட்டத் தலைநகரான சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போக வர பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடும். ஒரே நாளில் சோதனை முடிய வேண்டும் என்பதும் இல்லை. ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி. இதனால்தான் முகாம் நடக்கும் தேதி சரியாகத் தெரிவது இந்தக் குடும்பங்களுக்கு முக்கியமாகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகளை ஒரே கூரையின்கீழ்த் தர ‘விழுதுகள்’ என்ற பெயரில் மையங்களையும் தமிழ்நாடு அரசு தொடங்கியுள்ளது.

சான்று வரும் வரை வகுப்பறை காத்திருக்க வேண்டுமா?

தேவையில்லை. பெரும்பாலான உதவிகளுக்குச் சான்றும் வேண்டாம், காசும் வேண்டாம்.

– முன்வரிசையில் உட்கார வைப்பது. எல்லார் முன்னாலும் திடீரென்று வாசிக்கச் சொல்லாமல், எந்தப் பத்தி என்று முந்தின நாளே சொல்லிவிடுவது.

– கரும்பலகையில் உள்ளதை முழுக்க எழுதச் சொல்லாமல், அச்சிட்ட தாளோ, நண்பனின் நோட்டோ கொடுப்பது.

– வினாவை ஆசிரியர் வாசித்துக் காட்டுவது. சில பதில்களை வாய்மொழியாகக் கேட்டு மதிப்பெண் போடுவது.

– அறிவியல், சமூக அறிவியல் தாள்களில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காமல் கருத்தைப் பார்ப்பது.

– வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்து வாசிக்கப் பழக்குவது; இடைவெளி விட்டு, பெரிய எழுத்தில் பயிற்சித்தாள் தருவது.

– பத்துக் கணக்குக்குப் பதில் நான்கு கொடுத்து, அந்த நான்கையும் முழுதாக முடிக்க விடுவது.

அடுத்தது, பாடம் சொல்லித்தரும் முறை. 1930-களில் அமெரிக்காவில் ஆர்ட்டன், கில்லிங்ஹாம் இருவரின் பெயரில் உருவான முறைதான் உலகெங்கும் டிஸ்லெக்சியா பயிற்சியின் அடிப்படை. கண்ணால் பார், வாயால் சொல், காதால் கேள், விரலால் எழுது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய் என்பது அதன் சாரம். சின்னச் சின்னப் படிகளாக, ஒன்று உறுதியான பிறகே அடுத்தது.

இதைக் கேட்டால் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரும். திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி, ‘அ’னா, ‘ஆ’வன்னா என்று உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதியதுதான். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் இந்த முறையைப் பார்த்துத் தன் பள்ளியில் கொண்டுவந்தார். 1797-ல் அதைப் பற்றி லண்டனில் புத்தகம் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. திண்ணைப் பள்ளியின் பிரம்பு நமக்கு வேண்டாம். மணல் தட்டு ஒன்று ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் இருக்கலாம்.

ஒவ்வொரு பிள்ளையும் அதனதன் வேகத்தில் போகட்டும் என்ற யோசனையும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுக்கச் சென்ற செயல்வழிக் கற்றலில் அட்டைகளும் ஏணிப்படிகளும் இருந்தன. 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், குழந்தைகளை அவர்களின் நிலையைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறது. மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் எழுத்தறிமுக நிலையில் நிற்கும் பிள்ளைக்கு ‘அரும்பு’ப் பாடம் கிடைக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பள்ளிக்கு வராமல் பின்தங்கிய குழந்தை, நல்ல பயிற்சி கிடைத்தால் சில மாதங்களில் அரும்பிலிருந்து மொட்டுக்கு ஏறிவிடும். கற்றல் குறைபாடுள்ள குழந்தை அதே பயிற்சி கிடைத்தும் அங்கேயே நிற்கும். யாருக்கு மேலும் சோதனை தேவை என்பதை ஆசிரியருக்குச் சொல்லும் நல்ல குறிப்பு இதுதான். ‘இன்னும் அரும்புதானா?’ என்று அலுத்துக்கொள்ளும் இடத்தில் ‘ஏன் இன்னும் அரும்பு?’ என்று கேட்டால் பாதி வேலை முடிந்தது.

பொதுத்தேர்வில் என்ன சலுகை?

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தின் 10, 12-ம் வகுப்புத் தேர்வுகளில், உரிய சான்று உள்ள மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் அவகாசம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. சி.பி.எஸ்.இ.யில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். வினாவை வாசித்துக் காட்டுபவர் உதவியும் பெறலாம்.

விண்ணப்பம் தலைமை ஆசிரியர் வழியாக, முதன்மைக் கல்வி அலுவலர் மூலம் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டும். பிப்ரவரியில் ஓடினால் பலன் இருக்காது. 9-ம் வகுப்பு முடிவதற்குள் சான்று கையில் இருப்பது பாதுகாப்பு. சொல்வதை எழுதுபவரை வைத்துத் தேர்வெழுதுவதும் ஒரு பழக்கம்தான். பதிலை மனதுக்குள் வரிசைப்படுத்தி, நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். அதைப் பள்ளித் தேர்வுகளிலேயே பழக்கியிருக்க வேண்டும். நேராகப் பொதுத்தேர்வில் போய் உட்கார்ந்தால் சலுகையே சுமையாகிவிடும்.

“இதெல்லாம் மத்த பிள்ளைங்களுக்கு அநியாயம் இல்லையா?” என்ற கேள்வி அடிக்கடி எழும். கண்ணாடி போட்டுப் பரீட்சை எழுதும் பிள்ளையைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லை. வரலாறு தெரிகிறதா என்று சோதிக்கும் தாளில் வரலாறு மட்டுமே சோதிக்கப்பட வேண்டும், எழுதும் வேகம் அல்ல.

உச்ச நீதிமன்றமும் இதே பக்கம்தான் நின்றது. 2021-ம் ஆண்டு நீட் தேர்வில், டிஸ்கிராஃபியா உள்ள மாணவி ஒருவருக்குக் கூடுதல் ஒரு மணி நேரம் மறுக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் வந்த தீர்ப்பில், அது தவறு என்றது நீதிமன்றம். இத்தகைய வசதியைக் கேட்பது உரிமை. 40 சதவீதம் என்ற அளவைக் காட்டி அதை மறுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

பள்ளிக்குப் பிறகும் சான்றுக்குப் பயன் உண்டு. அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடஒதுக்கீடு. அரசு வேலையில் உள்ள 4 சதவீதத்தில் 1 சதவீதம், கற்றல் குறைபாடு, ஆட்டிசம் உள்ளிட்ட பிரிவுகளுக்குச் சேர்த்து ஒதுக்கப்பட்டுள்ளது. இரண்டுக்கும் 40 சதவீத அளவு அவசியம்.

அப்புறம் எங்கே தடுக்குகிறது?

முதல் தடை, ஆள் பற்றாக்குறை. தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 குழந்தைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் விகிதத்தை மத்திய அரசு 2022-ல் அறிவித்தது. உச்ச நீதிமன்ற வழக்கின் தொடர்ச்சியாக வந்த அறிவிப்பு அது. ஆனாலும், 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம், பணியிடங்களை உருவாக்கி நிரப்புங்கள் என்று மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்குச் சுற்றிவருபவர். டிஸ்லெக்சியா பயிற்சி பலன் தர வாரத்துக்குப் பல நாள் தொடர்ந்து நடக்க வேண்டும். எனவே, அவர் வராத நாட்களில் வகுப்பாசிரியர் அதைத் தொடர்கிறாரா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது, மொழி. தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்திய மொழிகளுக்கென உருவாக்கிய ‘டாலி’ சோதனைக் கருவி முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில்தான் வந்தது. தமிழ் வழியில் படிக்கும் குழந்தையை ஆங்கிலத்தில் சோதித்தால் வருவது கற்றல் குறைபாட்டின் அளவா, ஆங்கிலம் தெரியாததன் அளவா என்று பிரிக்க முடியாது. ‘சோதனை எந்த மொழியில் நடக்கிறது?’ என்று பெற்றோர் கேட்பதில் தப்பே இல்லை.

மூன்றாவது, ஊரும் நகரமும். 1990-களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்ற அமைப்புகள், ஆசிரியர் பயிற்சியில் பெரிய வேலை செய்திருக்கின்றன. ஆனால், அவற்றின் மையம் சென்னை. செட்டிநாட்டுக்கு ஒரு வசதி உண்டு. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்வி மற்றும் மறுவாழ்வு அறிவியல் துறை இயங்குகிறது. 1947-ல் அழகப்பச் செட்டியார் கல்லூரி தொடங்கியதிலிருந்து கல்விக்குப் பேர்போன ஊர் அது. சிறப்பாசிரியர்களை உருவாக்கும் துறை இருக்கும் நகரத்துக்கு இவ்வளவு அருகில் இருந்தும், ‘இது ஒரு குறைபாடு, இதற்கு உதவி உண்டு’ என்ற தகவல் சில வீடுகளுக்குப் போய்ச் சேராமல் இருப்பதுதான் வேதனை.

நான்காவது, வீட்டுத் தயக்கம். “சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டா காலத்துக்கும் அந்தப் பேரு நிக்குமே” என்ற பயம். பெண் பிள்ளை என்றால் “நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது...” என்று இன்னும் ஒரு படி கூடும். வகுப்பில் சத்தம் போடும் பையன் சீக்கிரம் ஆசிரியர் கண்ணில் படுவான். ஓரமாக உட்கார்ந்து, தோழியின் நோட்டைப் பார்த்து அழகாக எழுதிவிடும் பெண் பிள்ளை யார் கண்ணிலும் படாமல் எட்டாம் வகுப்பு வரை வந்துவிடுவாள். சான்று பெற்ற மாணவிகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாதம் ₹200 வீதம் 10 மாதங்களுக்கு உதவித்தொகை உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

வழக்கமான டியூஷன், பள்ளியில் பலிக்காத அதே முறையை மாலையிலும் திரும்பச் செய்கிறது. அதற்குப் பதில் தினமும் 15 நிமிடம் சேர்ந்து வாசிக்கலாம்: ஒரு வரி அம்மா, ஒரு வரி பிள்ளை. தப்பு வந்தால் நிறுத்தாமல் சரியான சொல்லைச் சொல்லிக் கடந்துவிடலாம். தட்டில் அரிசியையோ மணலையோ பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுதலாம்.

கையில் இருக்கும் போனும் உதவும். கூகுளின் ‘ரீட் அலாங்’ செயலி தமிழிலும் குழந்தை வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும். மாநிலப் பாடநூலில் உள்ள கியூ.ஆர். கோடுகளையும், ‘மணற்கேணி’ செயலியின் வீடியோ பாடங்களையும் பயன்படுத்தினால், வாசிப்பு தடுக்கும் பிள்ளைக்கும் பாடத்தின் கருத்து காது வழியாகப் போய்ச் சேரும். தமிழில் பேசினால் எழுத்தாக மாற்றும் கீபோர்டு வசதி வளர்ந்த பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும்.

இதையெல்லாம்விட முக்கியம், பிள்ளை எதில் கெட்டிக்காரன் என்று பார்த்து அதைச் சத்தமாகச் சொல்வது. பந்து, படம், பாட்டு, பஸ் டைம், எதுவாக இருந்தாலும் சரி. நாள் முழுக்கத் தோற்றுக்கொண்டே இருக்கும் குழந்தைக்கு ஜெயிக்கும் இடம் ஒன்று வேண்டும்.

பள்ளியில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. என் பிள்ளைக்கு ‘நலம் நாடி’யிலோ வேறு முறையிலோ முதல்கட்டப் பரிசோதனை நடந்ததா? முடிவு என்ன?

2. சிறப்புப் பயிற்றுநர் இந்தப் பள்ளிக்கு எந்தெந்த நாளில் வருவார்? நான் அவரைப் பார்க்க முடியுமா?

3. அடுத்த மருத்துவ மதிப்பீட்டு முகாம் எங்கே, எப்போது?

4. சான்று வரும் வரை வகுப்பில் என்னென்ன மாற்றம் செய்வீர்கள்? அதை எழுதி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்து பார்க்கலாமா?

5. பொதுத்தேர்வுச் சலுகைக்கு எந்த மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்?

பதில் கிடைக்காவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணை அழைக்கலாம்.

மறுபடியும் அமராவதிபுதூர்ப் பையனிடம் வருவோம். அவனுக்கு இப்போது 8 வயது. ‘பெரியவனானா சரியாயிடும்’ என்று விட்டால், அடுத்து அவன் யார் கண்ணிலாவது படுவது பெரும்பாலும் பத்தாம் வகுப்பில், மதிப்பெண் பட்டியலில். நடுவில் ஏழு வருடம் இருக்கிறது. அந்த ஏழு வருடமும் அவன் தன்னை ‘மக்கு’ என்று நம்பிக்கொண்டு போகப் போகிறானா, இல்லையா என்பது, இந்த வாரம் யாராவது ஒருவர் பள்ளிக்குப் போய், “டீச்சர், இவன் வாயால எல்லாம் சொல்றான், எழுத்துலதான் நிக்கிறான். என்னன்னு பார்ப்போமா?” என்று கேட்பதைப் பொறுத்தது.